லிங்க் செய்யும்போது மட்டும் விழுகிறது: கட்டளை வரி நீள வரம்பை எப்படிச் சமாளிப்பது?

ஜனவரி 9, 2024, மாலை 6.20 (வாசகர் கேள்வி)

அண்ணே, பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஃபர்ம்வேர் பிரிவில் சேர்ந்து சில மாதம் ஆகிறது. ஏஆர்எம் போர்டுக்கான நிரல். விண்டோஸ் லேப்டாப், கம்பைலர் ஜிசிசி, பில்டை ஓட்ட ஜிஎன்யூ மேக். சி கோப்புகள் எல்லாம் ஒழுங்காக கம்பைல் ஆகின்றன. கடைசியில் லிங்க் செய்யும், அதாவது எல்லாவற்றையும் ஒரே நிரலாகச் சேர்க்கும், இடத்தில் ‘கிரியேட்பிராசஸ் தோல்வி, இ=87, பாராமீட்டர் சரியில்லை’ என்று நின்றுவிடுகிறது. பக்கத்து மேசைக்காரரிடம் அதே நிரல், அதே மேக்ஃபைல் (மேக்குக்கான கட்டளைக் கோப்பு), அவருக்குப் பிரச்சினையே இல்லை. ரெஜிஸ்ட்ரியில் நீளமான பாதையை அனுமதிக்கும் அமைப்பை ஆன் பண்ணச் சொன்னார்கள். பண்ணி, ரீஸ்டார்ட்டும் செய்தேன். ஒன்றும் மாறவில்லை. எங்கள் லீடர், “லினக்ஸுக்குப் போய்விட்டால் இந்த வரம்பே கிடையாது” என்கிறார். அது உண்மையா?

ஜனவரி 9, இரவு 10.45 (பதில்)

ரெஜிஸ்ட்ரியை விடுங்கள். அந்த அமைப்பு ஒரு கோப்பின் பாதை 260 எழுத்தைத் தாண்டும்போது உதவுவதற்காக விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பில் வந்தது. அதுவும் ‘எனக்கு நீளப் பாதை தெரியும்’ என்று தன் மேனிஃபெஸ்டில் (நிரலைப் பற்றிய குறிப்பில்) சொல்லியிருக்கும் நிரலுக்குத்தான் வேலை செய்யும். உங்களுக்கு நீண்டுபோனது ஒரு கோப்பின் பாதை இல்லை, எல்லாப் பாதைகளையும் கோர்த்து எழுதிய முழுக் கட்டளை வரி. இரண்டும் ‘நீளம்’ என்பதால் எல்லாரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

விண்டோஸில் முழு வரிக்கு இரண்டு வரம்பு உண்டு. ஒரு நிரல் இன்னொரு நிரலை நேரடியாகக் கிளப்பினால், அதாவது கிரியேட்பிராசஸ் வழியாகப் போனால், 32,767 எழுத்து வரை. நடுவில் சிஎம்டி (விண்டோஸின் கட்டளைச் சாளர நிரல்) வந்துவிட்டால் 8,191 தான். விண்டோஸ் 2000 காலத்தில் சிஎம்டிக்கு 2,047 தான் இருந்தது, எக்ஸ்பியில்தான் கூட்டினார்கள்.

32,767 எங்கிருந்து வந்தது என்றால், விண்டோஸ் உள்ளுக்குள் ஒரு சரத்தின் நீளத்தை 16 பிட் எண்ணில், பைட் கணக்கில் வைக்கிறது. 65,535 பைட்டுக்கு மேல் அந்த எண்ணால் சொல்ல முடியாது. எழுத்துக்கு இரண்டு பைட். பாதியாக்கினால் இந்த எண். அமைப்பில் எதையும் தட்டி இதைக் கூட்ட முடியாது.

பக்கத்து மேசைக்காரருக்கு ஏன் ஓடுகிறது? உங்கள் மேக்ஃபைல் ஆப்ஜெக்ட் கோப்புகளை (ஒவ்வொரு சி கோப்பும் கம்பைல் ஆகிக் கிடைப்பவை) முழுப் பாதையோடு எழுதுகிறது என்று நினைக்கிறேன். 420 ஆப்ஜெக்ட், ஒவ்வொன்றுக்கும் 88 எழுத்து என்று வையுங்கள்: 36,960. வரம்பு தாண்டியாயிற்று. அவர் டி டிரைவில் மேலாகவே ஒரு ஃபோல்டரில் வைத்து, ஒவ்வொரு பாதையும் 58 எழுத்து என்றால் 24,360. தாராளமாக உள்ளே இருக்கிறது.

முதலில் அளந்து பாருங்கள். மேக்குக்கு ‘-என்’ கொடுத்தால் ஓட்டாமல் கட்டளைகளை மட்டும் எழுதிக்காட்டும். அதை ஒரு கோப்பில் வாங்கி, ஆக நீளமான வரி எத்தனை எழுத்து என்று பாருங்கள். அந்த எண் கையில் இல்லாமல் பேசினால் ஊகம்தான்.

ஜனவரி 10, காலை 7.30

இன்று மாலைக்குள் பில்டு கொடுத்தாக வேண்டும் என்று தனியாக எழுதியிருந்தீர்கள். சரி, அவசரத்துக்கு: ‘சப்ஸ்ட்’ கட்டளையால் உங்கள் ஆழமான ஃபோல்டருக்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுங்கள். எக்ஸ் டிரைவ் என்று வைத்துக்கொண்டு அங்கே போய் மேக் ஓட்டுங்கள். ஒவ்வொரு பாதையின் தலையிலிருந்தும் ஐம்பது அறுபது எழுத்து போய்விடும்.

லாக் அவுட் ஆனால் அந்த டிரைவ் காணாமல் போகும், மறுபடி கொடுக்க வேண்டும். டீபக் தகவலில் எக்ஸ் டிரைவ் பாதை பதிந்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். அடுத்த மேசையில் டீபக்கர் சோர்ஸைத் தேடும்போது கிடைக்காது.

ஜனவரி 11, இரவு 11.10

36 ஆயிரத்துச் சொச்சம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முறையாகச் சரிசெய்வோம். இதை நான் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன், ஏனென்றால் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் இதில் எங்கே வழுக்குகிறார்கள் என்று வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

வழி ரெஸ்பான்ஸ் கோப்பு. ஆப்ஜெக்ட் பட்டியலை ஒரு கோப்பில் எழுதிவைத்து, கட்டளையில் @ போட்டு அந்தக் கோப்பின் பெயரை மட்டும் கொடுப்பது. ஜிசிசி, கிளாங் (இன்னொரு கம்பைலர்), மைக்ரோசாஃப்ட் கம்பைலர், லிங்கர், ஏஆர் (ஆப்ஜெக்ட்களை ஒரே ஆர்கைவ் கோப்பாகக் கட்டும் நிரல்) எல்லாமே இதை ஏற்கும். இது பழைய பழக்கம். எம்எஸ்-டாஸில் ஒரு நிரலுக்குக் கட்டளையின் மிச்சத்தைத் தர மொத்தமே 128 பைட் இடம், அதில் நீளத்துக்கு ஒன்று, வரி முடிவுக்கு ஒன்று போக 126 எழுத்து. அந்தக் காலத்து லிங்கருக்கே @ தெரியும், தெரியாமல் பிழைத்திருக்க முடியாது.

ஜிஎன்யூ மேக்கில் 2013-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து ‘ஃபைல்’ என்று ஒரு உள்ளமைந்த ஃபங்ஷன் இருக்கிறது. அதற்குக் கோப்பின் பெயரையும் எழுத வேண்டிய பட்டியலையும் கொடுத்தால் மேக் தானே எழுதிவிடும். ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்), எக்கோ எதுவும் நடுவில் வராது, அதனால் எந்த வரம்பும் குறுக்கே வராது.

இனி வழுக்கும் இடங்கள். முதலாவது, மேக்கின் பதிப்பு. சிப் கம்பெனிகள் தருகிற டூல் பொதிகளில் 3.81 இன்னும் கிடக்கிறது. அது 2006-இல் வந்தது. அதற்கு ‘ஃபைல்’ ஃபங்ஷன் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் செய்யாது! ஏதோ ஒரு மாறியின் பெயர் என்று நினைத்து, அந்தப் பெயரில் மாறி இல்லாததால், வெறுமையாக விட்டுவிட்டுப் போய்விடும். ரெஸ்பான்ஸ் கோப்பு உருவாகாது. அப்புறம் ஜிசிசி வந்து பார்க்கும். @ போட்ட பெயரில் கோப்பு இல்லையென்றால், அந்த @ சேர்ந்த பெயரையே ஒரு உள்ளீட்டுக் கோப்பாக எடுத்துக்கொள்ளும். ‘@ஆப்ஜ்ஸ்.ஆர்எஸ்பி: அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று பிழை வரும். பிழையில் @ ஒட்டிக்கொண்டு வந்தால் கோப்பு எழுதப்படவேயில்லை என்று அர்த்தம். நேராக மேக்கின் பதிப்பைப் பாருங்கள்.

இரண்டாவது, பின்சாய்வுக் கோடு. ரெஸ்பான்ஸ் கோப்புக்குள் ஜிசிசி பின்சாய்வுக் கோட்டை ‘அடுத்த எழுத்தை அப்படியே எடு’ என்ற குறியாகத்தான் பார்க்கும். நீங்கள் ‘டி:\வேலை\பலகை\மெயின்.ஓ’ என்று எழுதினால் லிங்கர் ‘டி:வேலைபலகைமெயின்.ஓ’ என்று ஒரு கோப்பைத் தேடும். அந்தப் பிழைச் செய்தியை முதல் தடவை பார்க்கிறவர்கள் மேக்ஃபைலைத்தான் சந்தேகப்படுவார்கள், ஏனென்றால் ரெஸ்பான்ஸ் கோப்பைத் திறந்து பார்த்தால் பாதை சரியாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் முன்சாய்வுக் கோடாக மாற்றி எழுதுங்கள், விண்டோஸில் ஜிசிசிக்கு அது போதும். மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்கு இந்தத் தொல்லை இல்லை. கிளாங்கில் எந்த மரபு வேண்டும் என்று சொல்லவே ஒரு தேர்வு இருக்கிறது.

மூன்றாவது, இடைவெளி. இது நம் ஆட்களுக்குக் கூடுதலாக வரும். கம்பெனி ஐடி பிரிவு அடையாள அட்டைப் பெயரை அப்படியே யூசர் ஃபோல்டராக்கிவிடும். சொந்தப் பெயர், ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), அப்பா பெயர். சாய்வுக் கோடு ஃபோல்டர் பெயரில் வராது என்பதால் அதை எடுத்துவிட்டு இடைவெளிகளோடு வைத்துவிடுவார்கள். ஆக நீளமும் கூடும், நடுவில் இரண்டு மூன்று இடைவெளியும் விழும். ரெஸ்பான்ஸ் கோப்பில் மேற்கோள் போட்டால் ஜிசிசி ஒத்துக்கொள்ளும், ஆனால் ஜிஎன்யூ மேக்குக்கே இடைவெளி உள்ள கோப்புப் பெயர் ஆகாது. பட்டியலை இடைவெளியில்தான் வெட்டும். யூசர் ஃபோல்டருக்குள் சோர்ஸை வைக்காதீர்கள்.

நான்காவது, மேக் ஒரு விதியின் எல்லா வரிகளையும் முதலில் விரித்துவிட்டுத்தான் முதல் வரியை ஓட்டும். அதனால் முதல் வரியில் ஃபோல்டர் உருவாக்கி, இரண்டாம் வரியில் ‘ஃபைல்’ ஃபங்ஷனால் அந்த ஃபோல்டருக்குள் எழுத முடியாது. எழுதும் வேளையில் ஃபோல்டர் இருக்காது. ஃபோல்டரைத் தனி விதியாக்கி முன்தேவையில் வையுங்கள்.

ஜனவரி 13, காலை 9.00

லீடர் சொன்ன லினக்ஸ் விஷயம். வரம்பு இருக்கிறது, பெரிதாக இருக்கிறது. பாஸிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரம்) கேட்பது குறைந்தது 4,096 பைட். லினக்ஸில் ரொம்ப நாள் 131,072 ஆக இருந்தது. 2007-இல் 2.6.23 கெர்னல் வந்தபோது ஸ்டாக் (நிரல் ஓடும்போது பயன்படுத்தும் ஒரு நினைவகப் பகுதி) வரம்பில் கால் பங்கு என்று மாற்றினார்கள். வழக்கமான 8 எம்பி ஸ்டாக்கில் அது 2,097,152. மேக்ஓஎஸில் 1,048,576. இதில் சூழல் மாறிகளுக்கும் (நிரலுக்குக் கூடவே கைமாறும் அமைப்பு மதிப்புகள்) சேர்த்துத்தான் இடம். பாத் மாறியைக் கொழுக்க வைத்தால் கட்டளைக்கு மிஞ்சுவது குறையும்.

ஆனால் உங்கள் லீடருக்கு நீங்கள் சொல்ல வேண்டியது இன்னொரு வரம்பு. மொத்தம் இரண்டு எம்பி இருந்தாலும், ஒற்றைச் சரம் ஒன்று 131,072 பைட்டைத் தாண்டக் கூடாது. ஒரு ஆர்க்யூமென்டாக இருந்தாலும் சரி, ஒரு சூழல் மாறியாக இருந்தாலும் சரி.

இது எப்போது கடிக்கும்? கோலாலம்பூரில் ஒரு வேலையில் இருந்தபோது பில்டு சர்வர் லினக்ஸ். லிங்க் வரி 140 ஆயிரம் பைட் பக்கம். வரம்பைச் சொல்லும் ‘கெட்கான்ஃப்’ கட்டளையைக் கேட்டால் 2,097,152 என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் ‘ஆர்க்யூமென்ட் பட்டியல் மிக நீளம்’ என்று விழுகிறது. நிரல் இயங்குதளத்திடம் கேட்பதையெல்லாம் காட்டும் ‘எஸ்ட்ரேஸ்’ வைத்துப் பார்த்தோம். திரையில் தெரிந்தது ‘/பின்/எஸ்ஹெச்’, அடுத்து ‘-சி’, அடுத்து ஒரே ஒரு மேற்கோளுக்குள் முழு லிங்க் கட்டளையும், கடைசியில் இ2பிக் (அந்தப் பிழையின் பெயர்). அதாவது மேக் அந்தக் கட்டளையை ஷெல்லிடம் கொடுக்கும்போது ஆயிரம் ஆர்க்யூமென்டும் சேர்ந்து ஒரே சரமாகிவிடுகிறது. இரண்டு எம்பி என்ன, இருபது எம்பி இருந்தாலும் பயனில்லை.

ஷெல் எதற்கு நடுவில் வந்தது? யாரோ லாக் எடுக்க வரியின் கடைசியில் ஒரு > போட்டிருந்தார்கள். ஷெல்லுக்கான குறி எதுவும் இல்லாவிட்டால் ஜிஎன்யூ மேக் நிரலை நேரடியாகக் கிளப்பிவிடும், அப்போது ஒவ்வொரு ஆர்க்யூமென்டும் தனிச் சரம். அந்த > குறியை எடுத்ததும் லிங்க் ஓடியது. அன்றைக்கே ரெஸ்பான்ஸ் கோப்புக்கும் மாற்றினோம், ஏனென்றால் நாளைக்கு வேறு யாராவது ஒரு குழாய்க் குறியை (|) போடுவார்கள்.

விண்டோஸிலும் இதே கதை நடக்கும் என்பதைக் கவனியுங்கள். நேராகப் போனால் 32,767. ஒரு > போட்டதால் சிஎம்டி நடுவில் வந்தால் 8,191. ‘நேற்று வரைக்கும் ஓடியது’ என்பவர்கள் நேற்று என்ன சேர்த்தார்கள் என்று பாருங்கள்.

ஜனவரி 13, மதியம் 1.15

மேலே உள்ளதைச் சுருக்கிக் கேட்கிறார் ஒருவர்: எனக்கு எந்த வரம்பு என்று எப்படித் தெரியும்? யார் யாரைக் கிளப்புகிறார்கள் என்று ஒரு சங்கிலியாக எழுதுங்கள். மேக், ஷெல், ஜிசிசி, கலெக்ட்2 (லிங்கரைக் கிளப்ப ஜிசிசி வைத்திருக்கும் நிரல்), லிங்கர். ஒவ்வொரு கண்ணியிலும் எந்தச் சரம் கைமாறுகிறது என்று பாருங்கள். எங்கே அறுந்தது என்று தெரியாமல் போடுகிற எந்த வைத்தியமும் அதிர்ஷ்டத்தில்தான் பலிக்கும்.

பிழைச் செய்தியும் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். ‘கட்டளை வரி மிக நீளம்’ என்று ஆங்கிலத்தில் முழு வாக்கியமாக வந்தால் பெரும்பாலும் சிஎம்டி பேசுகிறது. 87 அல்லது 206 என்று எண்ணோடு வந்தால் மேக் நேராகக் கிரியேட்பிராசஸிடம் வாங்கிய அடி.

ஜனவரி 15, இரவு 8.50

பொங்கலுக்குப் பினாங்கில் பொது விடுமுறை இல்லை, எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது.

சிமேக் (பில்டுக்கான விதிக் கோப்புகளை உருவாக்கித் தரும் நிரல்) பற்றிக் கேட்டவருக்கு: அதை நிஞ்சாவோடு (மேக்கின் வேலையைச் செய்யும் இன்னொரு நிரல்) சேர்த்துப் பயன்படுத்தினால் நீங்கள் பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம். நிஞ்சா சிஎம்டி வழியாகப் போகாது, கிரியேட்பிராசஸை நேரடியாகக் கூப்பிடும். அதன் விதியிலேயே ரெஸ்பான்ஸ் கோப்புக்கு இடம் உண்டு. வரி நீண்டால் சிமேக் தானே அதற்கு மாறும். எப்போதும் அப்படியே வேண்டும் என்றால் ‘சிமேக்_நிஞ்சா_ஃபோர்ஸ்_ரெஸ்பான்ஸ்_ஃபைல்’ என்ற மாறியை ஆன் செய்யுங்கள்.

பில்டு வெற்றி பெற்றதும் நிஞ்சா ரெஸ்பான்ஸ் கோப்பை அழித்துவிடும், தோற்றால் விட்டுவைக்கும். வெற்றி பெற்றதையும் பார்க்க வேண்டும் என்றால் ‘-டி கீப்ஆர்எஸ்பி’ கொடுங்கள். புதுப் பிள்ளைகளை ஒரு தடவையாவது அந்தக் கோப்பைத் திறந்து படிக்கச் சொல்வேன். தன் நிரல் எத்தனை துண்டுகளிலிருந்து சேர்கிறது என்பது அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

ஜனவரி 18, இரவு 10.30

இதுவரை ஆப்ஜெக்ட் பட்டியலையே பேசினோம். ஜூருவிலிருந்து எழுதும் நண்பருக்கு லிங்க் இல்லை, ஒற்றை சி கோப்பை கம்பைல் செய்வதே விழுகிறது. காரணம் ‘-ஐ’ போட்டுச் சேர்த்த இன்க்ளூட் ஃபோல்டர்கள், கூடவே ‘-டி’ போட்டு வரையறுத்த மேக்ரோக்கள் (நிரலுக்குள் மதிப்பாக மாறும் பெயர்கள்).

இதற்கும் ரெஸ்பான்ஸ் கோப்பு ஓரளவு உதவும். ஆனால் ஜிசிசியில் ஒரு மடிப்பு இருக்கிறது. ஜிசிசி என்று நாம் கூப்பிடுவது ஒரு மேஸ்திரி நிரல், உண்மையான வேலையை உள்ளே இருக்கும் நிரல்கள் செய்கின்றன. அவற்றைக் கிளப்பும்போது தனக்கு வந்த தேர்வுகளை எல்லாம் ‘கலெக்ட்_ஜிசிசி_ஆப்ஷன்ஸ்’ என்ற ஒரே சூழல் மாறியில் எழுதிவைக்கும். ரெஸ்பான்ஸ் கோப்பில் இருந்ததும் அதில் விரிந்து வந்துவிடும். லினக்ஸில் ஒற்றைச் சரத்துக்கு 131,072 என்று சொன்னேனே, அந்த மாறியும் ஒற்றைச் சரம்தான். ஆகவே @ போட்ட பிறகும் ‘ஆர்க்யூமென்ட் பட்டியல் மிக நீளம்’ என்று வரலாம். @ வேலை செய்யவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள். உங்கள் வரி போய்ச் சேர்ந்துவிட்டது, அடுத்த கண்ணியில் அறுந்தது.

அங்கே நல்ல வழி, தேர்வுகளையே குறைப்பது. மேக்ரோக்களை ஒரு ஹெட்டரில் எழுதி ‘-இன்க்ளூட்’ என்று ஒரே ஒரு தேர்வால் சேருங்கள். ஆட்டோகான்ஃப் (பில்டு அமைப்பைத் தயாரிக்கும் கருவி) கான்ஃபிக்.ஹெச் என்று ஒரு கோப்பை உருவாக்கும் வழியைத் தருவதற்குச் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று: ‘-டி’ தேர்வுகள் சேர்ந்தால் சில இயங்குதளங்களின் வரி வரம்பைத் தாண்டிவிடும் என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள்.

ஃபோல்டர்களுக்கு, பொதுப் பாதை ஒன்றை மட்டும் ‘-ஐ’ யில் கொடுத்து, நிரலுக்குள் ‘டிரைவர்/யூஆர்ட்/யூஆர்ட்.ஹெச்’ என்று எழுதும் பழக்கத்துக்கு மாறுங்கள். முந்நூறு ‘-ஐ’ இருந்தால் கம்பைலர் ஒவ்வொரு ஹெட்டரையும் வரிசையாக முந்நூறு இடத்தில் தேடும். விண்டோஸில் வைரஸ் ஸ்கேனரும் கூடவே ஓடும். வரம்பு இடிக்காவிட்டாலும் இதைச் செய்யத்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

ஜனவரி 20, காலை 8.20

பிறையிலிருந்து ஒருவர்: “நாங்கள் வருஷக்கணக்காக சப்ஸ்ட் போட்டுத்தான் ஓட்டுகிறோம், லாகின் ஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. அவசரத்துக்கு மட்டும் என்று ஏன் ஒதுக்குகிறீர்கள்?”

யோசித்துப் பார்த்தேன். அவர் பயன்படுத்துவது ஒரு பழைய மைக்ரோகன்ட்ரோலர் கம்பைலர், தயாரித்தவர்களே இப்போது தொடுவதில்லை. அதற்கு @ தெரியாது. அந்த இடத்தில் சப்ஸ்ட், அல்லது ஃபோல்டருக்கு ஜங்ஷன் (வேறு ஃபோல்டருக்குக் கொண்டுபோகும் இணைப்பு) வைப்பது, நியாயமான வழிதான். எல்லா மேசையிலும் ஒரே எழுத்தாக இருந்தால் டீபக் பாதைப் பிரச்சினையும் அடங்கிவிடும். அதோடு ஒன்று: பழைய கம்பைலர்களில் @ இல்லாவிட்டாலும், தேர்வுகளைக் கோப்பிலிருந்து படிக்க வேறு பெயரில் ஒரு வழி வைத்திருப்பார்கள். கையேட்டின் லிங்கர் அத்தியாயத்தை ஒரு தடவை புரட்டுங்கள்.

@ தெரிந்த கம்பைலரை வைத்துக்கொண்டு சப்ஸ்டில் ஓட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். அது சில நூறு கோப்பு சேரும் வரை காலத்தைத் தள்ளும், அவ்வளவுதான்.

ஏஆர் பற்றியும் கேட்டிருந்தார். @ இல்லாத ஏஆர் என்றால் துண்டு துண்டாகச் சேருங்கள். ‘க்யூ’ கொடுத்து ஐம்பது ஐம்பதாக ஆர்கைவில் ஒட்டிக்கொண்டே போய், கடைசியில் குறியீட்டுப் பட்டியலை உருவாக்கினால் போதும். ஆனால் தொடங்கும் முன் பழைய ஆர்கைவை அழித்துவிடுங்கள். ‘க்யூ’ ஏற்கெனவே இருப்பதைப் பார்க்காமல் பின்னால் ஒட்டும், பழைய ஆப்ஜெக்டும் புதியதும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும்.

ஜனவரி 26, இரவு 9.40

தைப்பூசம் முடிந்து தண்ணீர்மலைப் பக்கம் போக்குவரத்து வழிக்கு வந்துவிட்டது. சேர்ந்துபோன கேள்விகளுக்கு வருகிறேன்.

ஜாவா: உங்களை வரம்பில் இடிக்க வைப்பது கிளாஸ்பாத் (நிரலுக்கு வேண்டிய ஜார் கோப்புகளைத் தேடும் இடங்களின் பட்டியல்). ஜாவா 6 முதல் ஒரு ஃபோல்டரின் எல்லா ஜார் கோப்புக்கும் நட்சத்திரக் குறி போதும். ஜாவாசி ரொம்ப நாளாகவே @ ஏற்கும், ‘ஜாவா’ கட்டளை 9-ஆம் பதிப்பிலிருந்து ஏற்கிறது. அதற்கு முந்தையது என்றால், பட்டியலை மேனிஃபெஸ்டில் எழுதிய ஒரு சின்ன ஜார் செய்து அதை மட்டும் கிளாஸ்பாத்தில் கொடுப்பார்கள்.

ஆண்ட்ராய்ட் என்டிகே (சி நிரலை ஆண்ட்ராய்டுக்குக் கட்டும் பொதி), பழைய மேக்ஃபைல் பாணி: ‘லோக்கல்_ஷார்ட்_கமாண்ட்ஸ்’ என்பதை ட்ரூ ஆக்குங்கள். இதற்குக் காரணமாக அவர்கள் ஆவணம் சொல்வதும் 8,191 தான். எல்லா மாட்யூலுக்கும் போடாதீர்கள், பில்டு மெதுவாகும்.

பிப்ரவரி 2, இரவு 11.00

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் நிரலாக்கம் சொல்லித்தருகிற ஒரு ஆசிரியை கேட்டது எனக்குப் பிடித்த கேள்வி. ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தால் இந்த வரம்பு சீக்கிரம் வந்துவிடுமா?

விண்டோஸில் இல்லை, லினக்ஸில் ஆம். ‘பினாங்கு’ என்ற பெயரை எடுங்கள். ப, இகரக் குறி, ன, ஆகாரக் குறி, ங, புள்ளி, க, உகரக் குறி. யூனிகோடில் எட்டு. விண்டோஸ் உள்ளே யூடிஎஃப்-16, எட்டும் எட்டாகவே கணக்கில் வரும். லினக்ஸ் பைட்டாக எண்ணும், யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 24. ‘பெனாங்’ என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் 6. லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட் வரைதான் போகலாம், தமிழில் அது 85 குறி.

விண்டோஸில் நீளம் பிரச்சினை இல்லை என்றாலும் வேறொன்று இருக்கிறது. தமிழுக்கு விண்டோஸில் பழைய பாணி எழுத்துப் பக்கம், அதாவது ஏஎன்எஸ்ஐ கோட் பேஜ், எப்போதுமே இருந்ததில்லை, யூனிகோட் மட்டும்தான். பழைய பாணியில் எழுதிய கம்பைலரோ மேக்கோ தமிழ்ப் பாதையை வெறும் கேள்விக்குறிகளாகத்தான் பார்க்கும். ரெஸ்பான்ஸ் கோப்பிலும் அதே கேள்விக்குறிகள் விழும்.

பிள்ளைகள் தமிழில் பெயர் வைக்கட்டும் டீச்சர். பாடக் குறிப்பு, படம், தரவு எல்லாம் தமிழ்ப் பெயரில் இருக்கட்டும். கம்பைல் ஆகிற ஃபோல்டரை மட்டும் சி டிரைவில் மேலாக, குட்டியாக ஆங்கில எழுத்தில் வையுங்கள். பைத்தான் 3 என்றால் அந்தக் கவலையும் அனேகமாக வேண்டாம், அது தமிழ்ப் பாதையை விண்டோஸிலும் ஒழுங்காகப் படிக்கும். தன் ஊர்ப் பெயரை ஃபோல்டருக்கு வைத்து அதிலிருந்து ஒரு நிரல் ஓடுவதைப் பார்க்கும் பத்து வயதுப் பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், அதை எந்த வரம்புக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பிப்ரவரி 8, மாலை 7.15

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியிருக்கிறார். மேக் 4-க்கு மேல் மாற்றி, ஆப்ஜெக்ட் பாதைகளைச் சார்புப் பாதையாக்கி (இருக்கும் ஃபோல்டரிலிருந்து தொடங்குவதாக எழுதி), ரெஸ்பான்ஸ் கோப்பும் போட்டாயிற்று. லிங்க் வரி இப்போது இருநூறு எழுத்துக்குள். லீடரும் லினக்ஸ் பேச்சை நிறுத்திவிட்டாராம்.

இரண்டு பாக்கி இருக்கிறது. ஒரு சி கோப்பைத் திட்டத்திலிருந்து நீக்கினால் உங்கள் மேக் மறுபடி லிங்க் செய்யாது. மிச்ச ஆப்ஜெக்ட்கள் எதுவும் புதிதாகவில்லையே. பழைய எல்ஃப் கோப்பு (லிங்க் செய்து கிடைக்கும் முழு நிரல்) அப்படியே கிடக்கும். நிஞ்சா ரெஸ்பான்ஸ் கோப்பின் உள்ளடக்கத்தையும் கட்டளையோடு சேர்த்து நினைவில் வைத்திருப்பதால் அங்கே இது தானாக நடக்கும். மேக்கில் நீங்கள்தான் செய்ய வேண்டும்: பட்டியலைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, பழையதோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் மட்டும் மாற்றிவைத்து, எல்ஃப் கோப்பை அந்த ரெஸ்பான்ஸ் கோப்பைச் சார்ந்ததாக எழுதுங்கள்.

இன்னொன்று, ‘மேக் கிளீன்’ இப்போதும் விழுகிறது என்றீர்கள். உங்கள் கிளீன் விதி ஆப்ஜெக்ட் பட்டியல் முழுவதையும் ‘டெல்’ கட்டளைக்குக் கொடுக்கிறது. டெல் சிஎம்டிக்குள் இருக்கும் கட்டளை, தனி நிரல் இல்லை. அதனால் அங்கே வரம்பு 8,191, சார்புப் பாதையாக்கியும் 420 கோப்பு அதற்குள் அடங்காது. பட்டியலே வேண்டாம். ஆப்ஜெக்ட் எல்லாம் பில்டு ஃபோல்டருக்குள்தானே விழுகின்றன, அந்த ஃபோல்டரையே அழித்துவிடுங்கள்.

பிப்ரவரி 8, இரவு 7.40

சோர்ஸ் அந்த ஃபோல்டருக்குள் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு அழியுங்கள்.